ஹெரால்டு காரின் பின் சீட்

ரேணுகாம்பாளைத் தையல் டீச்சர் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. நியமன ஆணையில் கைத்தொழில் ஆசிரியை என்று போட்டிருக்கிறது என்பாள். ஆனால் அரளிமேடு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பதினான்கு வருடமாக அவள் சொல்லிக்கொடுத்தது காஜா எடுப்பதும் கொக்கி வைப்பதும்தான். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது அவள் செய்த பாவம். அதனால் பள்ளிக்கூடத்தின் எழுத்து வேலை முழுவதும் அவள் தலையில் விழுந்தது. சேர்க்கைப் பதிவேடு, பெயர் நீக்கம், எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று வேலூருக்குப் போகும் பட்டியல் எல்லாவற்றையும் அவள்தான் எழுதுவாள். தலைமையாசிரியை ஆதிலட்சுமி கடைசியில் ஒரு கையெழுத்துப் போடுவாள், அதையும் படிக்காமல் போடுவாள்.

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் ரோட்டில் இருபது கிலோமீட்டர் போனால் அரளிமேடு. பஸ் உண்டு, ஆனால் அது எப்போது வரும் என்று அந்த டிரைவருக்கே தெரியாது. ஆதிலட்சுமியின் வீட்டுக்காரர் சக்கரவர்த்தி செங்கத்தில் ஒரு பாங்கில் வேலை பார்த்தார். மாமனார் கொடுத்த பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று அவரிடம் இருந்தது. காலையில் மனைவியையும் டீச்சர்களையும் அரளிமேட்டில் இறக்கிவிட்டு அவர் செங்கம் போவார், சாயங்காலம் திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்வார். பெட்ரோலில் ஆளுக்கொரு பங்கு.

அந்தக் காருக்கு இரண்டே கதவு. பின்னால் ஆள் ஏறவேண்டுமென்றால் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆதிலட்சுமி இறங்கி, தன் சீட்டை மடக்கி, வழிவிட்டு நிற்க வேண்டும். தலைமையாசிரியை நடுத்தெருவில் தனக்காகச் சீட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதில் ரேணுகாம்பாளுக்குத் தினமும் ஒரு சின்னச் சந்தோஷம். முதலில் ஏறுகிறவள் டிரைவருக்குப் பின்னால் வலக்கோடிக்குப் போய்விட வேண்டும். அடுத்து ஏறுகிறவள் அவளுக்குப் பக்கத்தில். ஏறின பிறகு இடம் மாற்றிக்கொள்ள வழியே கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிறகு நடந்த வினையில் பாதி அந்த இரண்டு கதவால் வந்ததுதான்.

போளூர் ரோட்டில் வீட்டிலிருந்து கிளம்பும் கார் முதலில் தேரடித் தெருவில் ரேணுகாம்பாளை ஏற்றிக்கொள்ளும். அப்புறம் பே கோபுரத் தெருவில் சரோஜாவை. ஆறு வருடமாகப் பின் சீட்டில் இந்த இரண்டு பேர்தான்.

சரோஜா கணக்கு டீச்சர். ரேணுகாம்பாளைவிட நாலைந்து வயது இளையவள். முதலில் சின்ன வகுப்புகளுக்கு எல்லாப் பாடமும் நடத்தும் டீச்சராக அரளிமேட்டுக்கு வந்தவள், வேலை பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதி, மூன்று வருடத்துக்கு முன்னால்தான் பட்டதாரிக் கணக்கு ஆசிரியை ஆனாள். வீட்டில் படுத்த படுக்கையான மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள், நகராட்சியில் வேலை பார்க்கும் கணவன். இத்தனையையும் காலை எட்டு மணிக்குள் ஓரங்கட்டிவிட்டு, தெருமுனையில் இரண்டு துண்டு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்து ஏறுவாள். ஒரு துண்டு அவளுக்கு, ஒன்று ரேணுகாம்பாளுக்கு.

ரேணுகாம்பாளுக்குப் பிள்ளை இல்லை. கணவர் ராஜேந்திரன் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், குமாஸ்தா. நல்ல மனுஷர், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, பேச்சும் கிடையாது. "சாப்பாடு", "வரேன்", "வெளக்க அணை" என்ற மூன்றில் அவருடைய ஒரு நாள் முடிந்துவிடும். ஆகவே ரேணுகாம்பாள் ஒரு நாளில் பேசுகிற பேச்சு முழுவதும் காலையும் மாலையும் அந்தக் காருக்குள்தான். ஓரகத்தி சொன்னது, பக்கத்து வீட்டுக் குழாய்ச் சண்டை, தனக்கு வந்த கனவு எல்லாம் சரோஜாவின் காதுக்குத்தான் போகும். சரோஜாவை விட்டால் அவளுக்கு அந்த ஊரில் ஆள் கிடையாது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சரோஜாவிடம்கூடச் சொன்னதில்லை.

எண்பத்தொன்று ஜூனில் வேதா வந்து சேர்ந்தாள்.

வேதாவும் கணக்கு டீச்சர்தான். குடியாத்தம் பக்கத்திலிருந்து மாற்றலில் வந்தாள். இருபத்தெட்டு வயது, கல்யாணமாகவில்லை, ஒல்லியான உடம்பில் எப்போதும் காட்டன் புடவை. மலை தெரிகிற மாதிரி ஒரு வீட்டில் இருக்கவேண்டும் என்று மூன்று வருடமாக மாற்றல் கேட்டு விண்ணப்பம் போட்டவளாம். ரமணாசிரமத்துக்கு எதிர்ப்புறம் ஒரு மாடி அறை கிடைத்தது. கீழே ஒரு வெள்ளைக்கார அம்மாள் குடியிருந்தாள். கார் அந்த வழியாகத்தான் போகிறது, ஏறிக்கொள்ளட்டும் என்றார் சக்கரவர்த்தி.

முதல் நாள் ஆதிலட்சுமி இறங்கிச் சீட்டை மடக்கினாள். வேதா ஏறி இடக்கோடியில் உட்கார்ந்தாள். சரோஜா நடுவுக்கு நகர்ந்து ரேணுகாம்பாளின் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டாள். இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று ரேணுகாம்பாளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் இரண்டு பர்லாங்கு தாங்கவில்லை. சரோஜா புதியவள் பக்கம் திரும்பி, எந்த ஊர், அம்மா அப்பா இருக்கிறார்களா, சமையல் யார் என்று ஆரம்பித்தாள். அரளிமேடு வரும்வரை ரேணுகாம்பாளுக்குத் தெரிந்தது சரோஜாவின் கொண்டை மட்டும்தான். அதில் இரண்டு ஊசி தளர்ந்திருந்ததை அவள் சொல்லவில்லை.

புதுசு, விசாரிக்கத்தானே செய்வார்கள் என்று ஒரு வாரம் பொறுத்தாள். ஒரு வாரம் ஒரு மாதம் ஆயிற்று. கொண்டை கொண்டையாகவே இருந்தது. முன்பெல்லாம் ரேணுகாம்பாள் கனவைச் சொன்னால், "அப்புறம் இன்னா ஆச்சுக்கா?" என்று சரோஜா வாயைப் பார்ப்பாள். இப்போது "ம்" என்று ஒன்று வரும், அதுவும் முதுகிலிருந்து வரும்.

அப்புறம் பூ விஷயம். இரண்டு துண்டு மூன்றாயிற்று. மூன்றாவதையும் காசு கொடுத்து வாங்கியிருந்தால் பரவாயில்லை. சரோஜா அதே இரண்டு துண்டைத்தான் காருக்குள் வைத்து மூன்றாகக் கிள்ளினாள். ரேணுகாம்பாள் ஒவ்வொரு நாளும் கண்ணாலேயே அளந்தாள். வேதாவுடையது எப்போதும் அரை விரல் கூடுதலாகத்தான் இருந்தது. "என் தலைல வெச்சா மத்தியானத்துக்குள்ள உதுந்துடுது, எனக்கு வேணாம்" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள். "அப்டியாக்கா?" என்று சரோஜா அந்தத் துண்டையும் வேதாவின் தலையில் வைத்தாள். அன்றைக்கு முழுக்க ரேணுகாம்பாள் யாருக்கும் காஜா சொல்லித்தரவில்லை. பிள்ளைகளை எழுதிப் பார்க்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். தையல் வகுப்பில் என்னத்தை எழுதுவது என்று பிள்ளைகள் முழித்தார்கள்.

பள்ளிக்கூடம் நாலரைக்கு விட்டாலும் சக்கரவர்த்தியின் கார் வர ஐந்தேகால் ஆகும். அந்த முக்கால் மணி நேரம் டீச்சர்கள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜூலையில் ஒரு நாள் ரேணுகாம்பாள் பதிவேட்டை மூடிவிட்டு வந்து பார்த்தால், சரோஜாவின் மடியில் பச்சையும் மஞ்சளுமாக வயர். வேதா அவளுக்கு வயர் கூடை பின்னச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பதினான்கு வருடமாகக் கைத்தொழில் ஆசிரியை ஒருத்தி, சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு, அரசாங்கமே கொடுத்த சான்றிதழோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கேட்கத் தோன்றவில்லை. கணக்கு டீச்சரிடம் போய்க் கூடை கற்றுக்கொள்கிறாள்!

"இந்த முடிச்சு இப்டிப் போடக்கூடாது" என்றாள், வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டு. "நாலு கூடை பின்னினா தெரிஞ்சிடும். அடி பெருத்துப் பூசணிக்கா மாதிரி வரும்."

"அப்டியா டீச்சர்?" என்று வேதா உண்மையிலேயே கவலைப்பட்டாள். "எங்க அம்மா இப்டித்தான் சொல்லிக்குடுத்தாங்க. நீங்க காட்டுங்களேன்."

ரேணுகாம்பாள் வயரை வாங்கினாள். அவசரத்தில் முடிச்சு நழுவியது. தவிர, உண்மை என்னவென்றால், வேதா போட்டிருந்த முடிச்சு சரியாகத்தான் இருந்தது. "வெளிச்சம் கம்மி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் ஐந்து மணி வெயில் வேப்ப இலைக்கு நடுவே சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

அன்று இரவு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சரோஜாவுக்கும் வேதாவுக்கும் நடுவில் தான் உட்கார்ந்துவிட்டால்? அதற்கு வேதா தனக்கு முன்னால் ஏறவேண்டும். வேதாவோ செங்கம் ரோட்டில், கடைசியாக ஏறுகிறவள். அவளை அங்கிருந்து கிளப்பிப் போளூர் ரோட்டுக்கு, ஆதிலட்சுமி வீட்டுப் பக்கம் கொண்டுவந்துவிட்டால் முடிந்தது. வேதா முதலில் ஏறி வலக்கோடிக்குப் போய்விடுவாள். அடுத்து ரேணுகாம்பாள், அப்புறம் சரோஜா. ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது.

இதற்காக அவள் பட்ட பாட்டைத் தன் சொந்தக் கல்யாணத்துக்குக்கூடப் பட்டதில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போளூர் ரோட்டில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். குழாய் உண்டா, கக்கூஸ் தனியா, வீட்டுக்காரர் நல்லவரா என்று விசாரித்தாள். மாடி அறைதான் வேண்டும், ஜன்னலைத் திறந்தால் மலை தெரியவேண்டும் என்பதைக்கூட மறக்கவில்லை. கடைசியில் ஒன்று அகப்பட்டது. "தனியா ஒரு பொண்ணு, அந்தப் பக்கம் ராத்திரில ஆள் நடமாட்டம் கம்மி, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு வருவாங்க?" என்று வேதாவிடம் சொன்னாள். வேதாவின் கண் கலங்கிவிட்டது. எனக்காக இவ்வளவு அலைந்தீர்களா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை என்ன செய்வதென்று ரேணுகாம்பாளுக்குத் தெரியவில்லை.

ஜூலை கடைசியில் வேதா வீடு மாறினாள். திட்டம் போட்டபடி ரேணுகாம்பாள் நடுவில் உட்கார்ந்தாள். என்ன பிரயோசனம்? வலது பக்கமிருந்து ஒருத்தியும் இடது பக்கமிருந்து ஒருத்தியும் முன்னால் குனிந்து அவள் மடிக்கு மேலாகவே பேசிக்கொண்டார்கள். கூடை அவள் மடிமேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. "அக்கா, இத சரோஜாக்காகிட்ட குடுங்களேன்" என்று வேதா வயர்த் துண்டைக் கொடுப்பாள். வீடு பார்த்துக் கொடுத்ததிலிருந்து ரேணுகாம்பாளும் அவளுக்கு அக்கா ஆகிவிட்டாள். ரேணுகாம்பாள் வாங்கிக் கொடுப்பாள். முன்பு கொண்டையாவது தெரிந்தது. இப்போது அவர்கள் இரண்டு பேர் சிரிப்பும் அவள் முகத்துக்கு நேராகவே நடந்தது.

அந்த வாரம்தான் வருடாந்தரப் பட்டியல் வேலூருக்குப் போகவேண்டியிருந்தது.

அரளிமேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதிவைக்காத வழக்கம். ஆனி மாதத்தில் மல்லாட்டை பிடுங்கப் போகும் பெண்கள் சில பேர் திரும்பி வரமாட்டார்கள். சிலருக்குக் கல்யாணமே ஆகிவிடும். சட்டப்படி, இத்தனை நாள் வராவிட்டால் பெயரை எடுத்துவிட வேண்டும். ஆனால் ஆகஸ்டு பட்டியல் போகும்வரை யாரும் எடுக்கமாட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் அறுபது பெயர் இருந்தால்தான் இரண்டு பிரிவு. குறைந்தால் ஒரே பிரிவாகிவிடும், ஒரு டீச்சர் அதிகப்படி என்று வேறு ஊருக்குத் தூக்கிவிடுவார்கள். ஆகவே வருடாவருடம் ரேணுகாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு பழைய பெயர்களையும் சேர்த்தே எழுதுவாள். ஆதிலட்சுமியும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். பட்டியல் போன பிறகு பெயர்களை எடுப்பார்கள்.

அந்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் அறுபத்து மூன்று பெயர். அதில் ஏழு பேர் ஜூன் பாதியிலிருந்தே வரவில்லை. ரேணுகாம்பாள் சிவப்பு மையை எடுத்தாள். உண்ணாமலை, தனம், மணியம்மாள் என்று ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் கோடு கிழித்து, 'நீண்ட நாள் வராததால் நீக்கப்பட்டது' என்று முத்து முத்தாக எழுதினாள். ஐம்பத்தாறு. யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் செய்தது முழுக்க முழுக்கச் சட்டம். ஒரு கணக்கு டீச்சர் அதிகப்படியாவாள். ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் கடைசிப் பெயர் வேதா. கடைசியாக வந்தவள்தான் முதலில் போவாள் என்பதில் ரேணுகாம்பாளுக்குச் சந்தேகமே இல்லை. தையலுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் ஒருத்திதான். யார் மூத்தவள், யார் இளையவள் என்ற பேச்சு அவளுடைய உத்தியோகத்தில் ஒரு நாளும் வந்ததில்லை.

பட்டியலை நீட்டினாள். ஆதிலட்சுமி படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

செப்டம்பர் நடுவில் வேலூரிலிருந்து ஆணை வந்தது. ஆதிலட்சுமி மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள். முகம் வெளிறியிருந்தது.

"ஒம்பதாவது ஒரு செக்‌ஷன் போயிடுச்சு. கணக்குல ஒருத்தர் ஜாஸ்தியாம்." காகிதத்தைப் பார்த்தாள். "சரோஜா, உங்கள வந்தவாசி தாண்டி ஒரு ஊருக்குப் போட்டுருக்காங்க."

"வேதா இல்லீங்களா?" ரேணுகாம்பாள் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது.

"இந்தப் பள்ளிக்கூடத்துக்கு யாரு முன்ன வந்தாங்கன்னு பாக்கமாட்டாங்க. பட்டதாரி டீச்சரா யாரு முன்ன சேந்தாங்கன்னுதான் பாப்பாங்க. வேதா எழுபத்தஞ்சுலயே சேந்துட்டாங்க. சரோஜா எழுபத்தெட்டுலதானே பட்டதாரி டீச்சர் ஆனாங்க?" ஆதிலட்சுமி ரேணுகாம்பாளை ஒரு பார்வை பார்த்தாள். வழக்கம்போல அந்தப் பெயர்களை விட்டுவைத்திருக்கலாமே என்று கேட்க அவள் வாய் துடித்தது. அதை எப்படிக் கேட்பது? பொய்ப் பட்டியல் ஏன் எழுதவில்லை என்று ஒரு தலைமையாசிரியை கேட்க முடியுமா? "அவங்க ரூல்படி எழுதிட்டாங்க, என்ன பண்றது" என்று மட்டும் சொன்னாள். மேலிடத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார்கள் என்று அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் காரில் சரோஜா அழுதாள். படுத்திருக்கும் மாமியாரை யார் பார்ப்பார்கள், பெரியவள் எட்டாவது படிக்கிறாளே, அவருக்கு வேலை இந்த ஊரில்தானே என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

வலப்பக்கமிருந்து வேதா குனிந்தாள். ரேணுகாம்பாளின் மடிக்கு மேலாகக் கையை நீட்டி, சரோஜாவின் கையைப் பிடித்தாள்.

"அழாதீங்கக்கா. நா போறேன். எனக்கு இன்னா இருக்குது? ஒரு ட்ரங்குப் பெட்டி, ஒரு ஸ்டவ்வு."

"நீ எப்டிப் போவ? என் பேருதான வந்துருக்குது."

"எம் விருப்பத்துல போறேன்னு எழுதிக் குடுத்தா ஒத்துப்பாங்கல்ல, மேடம்?"

முன் சீட்டிலிருந்து ஆதிலட்சுமி திரும்பினாள். "ஒத்துப்பாங்க. ஆனா நல்லா யோசிச்சுக்கோம்மா. மூணு வருஷம் கேட்டு வாங்குன ஊரு."

"மலை எங்கயும் போயிடாது மேடம்."

இரண்டு பேர் கையும் ரேணுகாம்பாளின் மடியில் கோத்துக்கொண்டு கிடந்தன. சரோஜாவின் கண்ணீர் அவள் புடவையில்தான் சொட்டியது. சரோஜா போகமாட்டாள் என்று தெரிந்ததும் ரேணுகாம்பாளுக்கு உயிர் வந்தது. வந்த உயிர் முதலில் செய்த காரியம் பொறாமைப்பட்டதுதான். இனிமேல் ஆயுசுக்கும் சரோஜா இவளை மறக்கமாட்டாளே! நான் போகிறேன் என்று சொல்ல எனக்கு ஒரு வழியில்லையே! தையல் டீச்சர் வந்தவாசிக்குப் போனால் கணக்கு டீச்சருக்கு என்ன லாபம்? இந்தப் பெருமைகூட அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறது என்று உள்ளே குமைந்துகொண்டு, "நல்ல மனசும்மா உனக்கு" என்றாள் வெளியே.

வேதா ட்ரங்குப் பெட்டியோடும் ஸ்டவ்வோடும் போய்ச் சேர்ந்தாள். பின் சீட்டில் பழையபடி இரண்டு பேர் ஆனார்கள். பழையபடி இரண்டு துண்டு பூ, பழையபடி சரோஜாவின் முகம் இவள் பக்கம். ரேணுகாம்பாள் ஆசைப்பட்டது ஒரு குறைவில்லாமல் நடந்தது. சரோஜா பேசினாள், நிறையப் பேசினாள். வேதாவுக்கு அங்கே தண்ணி ஒத்துக்கொள்ளவில்லையாம். வேதா இருக்கும் வீட்டில் ஓடு ஒழுகுகிறதாம். வேதா எழுதிய இன்லண்டு லெட்டரைக் காரிலேயே வாய்விட்டுப் படிப்பாள். 'ரேணுகாக்காவையும் விசாரித்ததாகச் சொல்லவும்' என்று அடியில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்காக முழுக் கடிதத்தையும் கேட்கவேண்டியிருந்தது.

தீபத்துக்கு வேதா வந்தாள். யார் வீட்டில் தங்கினாள் என்று சொல்லவேண்டியதில்லை. அந்த மூன்று நாளும் சரோஜா இவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து மலை சுற்றினார்கள் என்ற சேதி பூக்காரி சொல்லித்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் வேப்பமரத்தடியில் காருக்குக் காத்திருந்தபோது சரோஜா சொன்னாள்: "கூடப் பொறந்தவளா இருந்தாக்கூட இப்டிச் செஞ்சிருக்கமாட்டாக்கா. எனக்காக ஒருத்தி ஊரையே வுட்டுட்டுப் போனாளே, இந்த ஜென்மத்துல அத நா மறப்பனா?"

ரேணுகாம்பாளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அவதான் செஞ்சாளா? நா ஒண்ணும் செய்யலியா?"

"நீங்க இன்னாக்கா செஞ்சீங்க?" சரோஜா வெகுளியாகத்தான் கேட்டாள்.

"ஒம்பதாவதுல அந்த ஏழு பேர எடுத்தது நான்தான்."

"தெரியுமே. எடுத்துத்தான் ஆவணும்னு மேல சொல்லிட்டாங்களாமே."

"யாரும் சொல்லல. நானாத்தான் எடுத்தேன். வேதா போவட்டும்னு எடுத்தேன். அவ வந்ததுலேர்ந்து நீ எங்கிட்டப் பேசறதே இல்ல, சரோஜா. பழையபடி நாம ரெண்டு பேரும் இருக்கணும்னு பண்ணேன். உனக்காகத்தான் பண்ணேன்."

சொல்லி முடித்ததும் ரேணுகாம்பாளுக்கு மனது லேசாகிவிட்டது. இவ்வளவு பிரியம் தன்மேல் இருக்கிறது என்று இனியாவது சரோஜாவுக்குத் தெரியும் என்று, சொன்னால் நம்பமாட்டீர்கள், அவள் நிஜமாகவே நினைத்தாள்.

சரோஜா அவள் பக்கம் திரும்பினாள்.

"நா போயிருந்தா?"

"நீ போவன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"அவ போவான்னு தெரியுமில்ல?"

கேட்டுக்கு வெளியே ஹெரால்டின் ஹாரன் கேட்டது. ஆதிலட்சுமி சீட்டை மடக்கிக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் ஏறினார்கள். ஊர் வந்து சேரும்வரை சரோஜா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது சக்கரவர்த்தியிடம், "கொஞ்ச நாளா கார்ல வந்தா தலை சுத்துது சார். நாளைலேர்ந்து நா பஸ்ல வந்துடறேன்" என்றாள். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. ஏழு பெயர் விஷயம் அந்த வேப்பமரத்தடியைத் தாண்டவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பார்த்தால், "சாப்டீங்களா டீச்சர்?" என்று கேட்பாள். டீச்சர் என்றுதான் கேட்பாள்.

அதன் பிறகு பின் சீட் முழுவதும் ரேணுகாம்பாளுக்குத்தான். வேறு ஆளை ஏற்றிக்கொள்ளலாமா என்று ஆதிலட்சுமி கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டாள். கைப்பை ஒரு பக்கம், சாப்பாட்டுக் கூடை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்து போனாள்.

கிரிவல ரோடு பிரிகிற இடத்துக்கு அப்பால் தினமும் கார் பஸ்ஸைப் பிடித்துவிடும். சக்கரவர்த்தி ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்லும் அந்த அரை நிமிஷம், கார் ஜன்னலும் பஸ் ஜன்னலும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். சரோஜா மூன்றாவது ஜன்னலில் இருப்பாள். தை மாதத்தில் ஒரு நாள் அவளுக்குப் பக்கத்தில் ஒரு கீரைக்காரி உட்கார்ந்திருந்தாள். வெற்றிலை போட்ட வாய், தலையில் சும்மாடு. அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சரோஜா ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் அதே கீரைக்காரி இருந்தாள். அதற்கு மறுநாள் சரோஜா அவளுக்குப் பூ கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கார் பஸ்ஸைத் தாண்டியது. ரேணுகாம்பாள் உடம்பைத் திருப்பி, பின் கண்ணாடி வழியாகப் பஸ் சின்னதாகும்வரை பார்த்தாள். அப்புறம் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"யாருங்க மேடம் அந்தக் கீரைக்காரி? தெனமும் அதே சீட்ல வந்து உக்காந்துக்கறாளே?"

ஆதிலட்சுமி திரும்பிப் பார்த்தாள். "எந்தக் கீரைக்காரி?" என்றாள்.